வெள்ளி ரூபாயில் வெள்ளி எவ்வளவு? கண்ணால் பார்த்துப் பிரிப்பது எப்படி

1938-இல் அடித்த ஒரு ரூபாய்க் காசையும் 1944-இல் அடித்த ஒரு ரூபாய்க் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், புதிதாகப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் கிரீடம் வைத்த ஆறாம் ஜார்ஜ் மன்னர். பின்பக்கம் சுற்றிலும் பூ வேலைப்பாடு, நடுவில் 'ஒன் ருப்பீ', 'இந்தியா', கீழே ஆண்டு. எடையும் ஒன்று: 11.66 கிராம், பழைய கணக்கில் ஒரு தோலா. ஆனால் முதல் காசில் இருக்கும் வெள்ளி ஏறக்குறைய 10.7 கிராம். இரண்டாவதில் 5.83 கிராம்தான். விற்கப் போகும்போதும் வாங்கப் போகும்போதும், வீட்டில் பாகம் பிரிக்கும்போதும்கூட, இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றையும் 'வெள்ளி ரூபாய்' என்று ஒரே குவியலில் போட்டுவிடுகிறார்கள். ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம்.

பிரிப்பது கஷ்டமான வேலை இல்லை. ஆனால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்ற வரிசை முக்கியம். பெரும்பாலானோர் நிறத்தில் ஆரம்பிக்கிறார்கள். என் கணக்கில் நிறம் ஐந்தாவது இடத்தில் வர வேண்டியது. பளபளப்பைப் பார்த்து மாற்று (காசில் வெள்ளி எத்தனை பங்கு என்ற அளவு) சொல்கிறவரை நம்ப வேண்டாம். புதிதாக வெளுத்த பாதி வெள்ளி, பெட்டியில் கறுத்துப்போன உயர்ந்த வெள்ளியைவிட எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

தொடங்கும் முன்: தேய்க்காதீர்கள்

பழைய காசு கையில் கிடைத்தவுடன் புளி, விபூதி, பல்பொடி என்று ஏதாவது போட்டுத் தேய்க்கக் கை பரபரக்கும். வேண்டாம். சேகரிப்பாளர் கொடுக்கும் விலை அதோடு பாதியாகும் என்பது ஒரு காரணம். நம் வேலைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: எந்த இடம் எப்படித் தேய்ந்திருக்கிறது, தேய்ந்த இடத்தில் என்ன நிறம் தெரிகிறது என்பதுதான் நமக்குச் சாட்சி. தேய்த்தால் அந்தச் சாட்சியை நாமே கலைத்துவிடுகிறோம். மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு அலசி, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். அது போதும்.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். நல்ல காந்தம் ஒன்று (பழைய ஸ்பீக்கரில் கழற்றியதும் சரி), பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, ஒரு வெள்ளைக் காகிதம். ட்யூப்லைட்டைவிட ஜன்னல் வெளிச்சம் நல்லது. மஞ்சள் பல்பின் கீழே எல்லாக் காசும் மஞ்சளாகத்தான் தெரியும்.

முதலில் காந்தம்

காசில் காந்தம் ஒட்டினால் அது வெள்ளி இல்லை. இது பத்து விநாடி வேலை, குவியலில் ஒரு பங்கை உடனே கழித்துவிடும். ஒட்டும் காசுகளில் முக்கியமானது 1947-ஆம் ஆண்டு ரூபாய். ஆறாம் ஜார்ஜின் தலை இருக்கும், வெள்ளை வெளேரென்று இருக்கும், எடையும் வெள்ளி ரூபாயின் எடையேதான். ஆனால் அது முழுக்க நிக்கல். திருப்பிப் பார்த்தால் பூ வேலைப்பாடு இருக்காது, புலி இருக்கும். அரை ரூபாயிலும் கால் ரூபாயிலும் 1946, 1947 ஆகிய இரண்டு ஆண்டுகளும் இதே புலிதான், இதே நிக்கல்தான். 'புலி ரூபாய் வெள்ளி ரூபாய்' என்று யாராவது விலை சொன்னால் காந்தத்தை எடுத்துக் காட்டுங்கள்.

1950 முதல் வந்த அசோகர் சிங்கம் போட்ட ரூபாயும் நிக்கல். அதுவும் ஒட்டும்.

ஒட்டவில்லை என்றால் வெள்ளி என்று அர்த்தமாகிவிடாது. குப்ரோ நிக்கல் (செம்பும் நிக்கலும் சேர்ந்த கலவை) ஒட்டாது. ஜெர்மன் சில்வர் ஒட்டாது. பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். ஆகவே காந்தம் கழிப்பதற்கு மட்டும்தான், உறுதிப்படுத்துவதற்கு அல்ல.

அப்புறம் முகம்

ஆண்டு தேய்ந்து போன காசிலும் முகம் ஓரளவு மிஞ்சியிருக்கும். அதனால் ஆண்டைத் தேடுவதற்கு முன் முகத்தைப் பாருங்கள். 1835-இல் பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று வந்தபோது வைத்த மாற்று 91.7 சதவீதம், அதாவது பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி, ஒரு பங்கு செம்பு. அந்த மாற்று ரூபாய்க் காசில் 1939 வரை மாறவே இல்லை. நான்காம் வில்லியம், விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் எல்லாரும் இந்தக் கணக்கில் அடக்கம். விக்டோரியா காசில் 'குயின்' என்று இருந்தாலும் 'எம்ப்ரஸ்' என்று இருந்தாலும் வெள்ளி ஒன்றே. 1877-இல் பட்டம் மாறியது, உலோகம் மாறவில்லை.

எனவே ரூபாய்க் காசைப் பொறுத்தவரை இப்படி வைத்துக்கொள்ளலாம்: பெண் முகமா, 91.7. தாடி வைத்த முகமா, 91.7. எட்வர்டுக்குத் தாடி உண்டு, கிரீடம் கிடையாது. ஐந்தாம் ஜார்ஜுக்குத் தாடியும் உண்டு, கிரீடமும் உண்டு. கிரீடம் இல்லாத, தாடியும் இல்லாத ஆண் முகம் என்றால் 1835 என்று ஆண்டு போட்ட வில்லியம் ரூபாய், அதுவும் 91.7. கிரீடம் வைத்து, முகத்தை மழுங்கச் சிரைத்த ஆண் வந்துவிட்டால் அது ஆறாம் ஜார்ஜ். அங்கேதான் நிற்க வேண்டும். சிக்கல் முழுவதும் இந்த ஒரு மன்னரின் காசில்தான் இருக்கிறது.

சில்லறையில் ஒரு விதிவிலக்கு உண்டு. முதல் உலகப் போரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தது. அமெரிக்கா 1918-இல் பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, தன் வெள்ளி டாலர்களைக் கோடிக்கணக்கில் உருக்கி இந்திய ரூபாய்க்காக பிரிட்டனுக்கு விற்கும் அளவுக்குத் தட்டுப்பாடு. அந்த நேரத்தில் ஐந்தாம் ஜார்ஜ் தலையோடு இரண்டணா, நாலணா, எட்டணாக் காசுகளைக் குப்ரோ நிக்கலில் அடித்தார்கள். இரண்டணா சதுரம், நாலணாவுக்கு எட்டு மூலை, அதனால் குழப்பம் வராது. எட்டணா மட்டும் வட்டம், 1919, 1920 என்று ஆண்டு இருக்கும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி எழுத்து. வெள்ளியாக இருந்தால் பின்பக்கம் 'ஹாஃப் ருப்பீ' என்று எழுதியிருக்கும். குப்ரோ நிக்கலாக இருந்தால் பெரிய '8' என்ற எண்ணும் 'அணாஸ்' என்ற சொல்லும், பல இந்திய மொழி எழுத்துகளும் இருக்கும். தெலுங்கு எழுத்தைப் பார்த்தாலே வெள்ளி இல்லை என்று சொல்லிவிடலாம்.

ஆண்டு

ஆறாம் ஜார்ஜ் காசில் ஆண்டு தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1938, 1939 என்றால் 91.7 சதவீதம். 1941 முதல் 1945 வரை என்றால் ரூபாய், அரை, கால் எதுவாக இருந்தாலும் 50 சதவீதம். இந்தப் பாதி வெள்ளியில் மீதி என்ன என்று கேட்டால் செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மக்கள் நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாயைப் பதுக்க ஆரம்பித்தார்கள். அரசிடம் வெள்ளி போதவில்லை. அதனால் வந்த கலவை இது.

நடுவில் இருக்கும் 1940 மாறிய வருடம். அந்த ஆண்டின் ஒரு ரூபாய் 50 சதவீதம் என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் அரை, கால் ரூபாய்களில் 1940 என்று பார்த்தால் ஆண்டை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கீழே சொல்லும் நிறச் சோதனையும் தண்ணீர்ச் சோதனையும் அந்தக் காசுகளுக்கு அவசியம்.

1939 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை. அது மிக அரிய காசு, பெரிய விலை போவது. அதனாலேயே 1938 காசின் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கியும், புதிதாக வார்த்தும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுப் பெட்டியில் 1939 ரூபாய் கிடைத்தால் சந்தோஷப்படுவதற்கு முன் லென்ஸ் வைத்து அந்த ஒரு எண்ணை மட்டும் பாருங்கள்: அதைச் சுற்றியுள்ள தரை (காசின் தட்டையான பரப்பு) மற்ற எண்களைச் சுற்றியிருப்பதைப் போலவே சமமாக இருக்கிறதா, சுரண்டிய கோடுகள் தெரிகின்றனவா, எண்ணின் உயரம் பக்கத்து எண்களோடு ஒத்துப்போகிறதா. அதற்குமேல் விஷயம் தெரிந்த நாணய வல்லுநர் வேலை.

ஆண்டின் கடைசி எண் தேய்ந்து '194' வரைதான் படிக்க முடிகிறது என்றாலும் ரூபாயில் கவலை இல்லை, காந்தம் ஒட்டாத நாற்பதுகள் எல்லாமே பாதி வெள்ளிதான். '19' மட்டும் மிஞ்சினால்? சின்னதாக 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று தேடுங்கள். அது லாகூர் நாணயச்சாலையின் குறி. அந்தச் சாலையில் காசு அடிக்க ஆரம்பித்ததே 1943-இல்தான், ஆகவே அந்தக் குறி உள்ள ஆறாம் ஜார்ஜ் காசு 91.7 ஆக இருக்க வழியே இல்லை. குறி இல்லை என்றால் விளிம்புக்குப் போக வேண்டும்.

விளிம்பு: இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்

என்னைக் கேட்டால், ரூபாய்க் காசைப் பிரிப்பதில் இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. காசின் தலையையும் பூவையும் மறந்துவிடுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் இரண்டுக்கும் நடுவே காசின் இரண்டு முகங்களையும் அழுத்திப் பிடித்து, விளிம்பு உங்களைப் பார்க்கும்படி ஜன்னல் பக்கம் திருப்புங்கள். மெதுவாகச் சுழற்றுங்கள்.

91.7 சதவீத ரூபாயில் விளிம்பு முழுக்க நேர்கோடுகள். ஒரு முகத்தில் தொடங்கும் கோடு இடையில் எங்கும் அறுபடாமல் மறுமுகம் வரை போகும். விக்டோரியா காசிலும் ஐந்தாம் ஜார்ஜ் காசிலும் 1938 காசிலும் இதேதான்.

1940 முதல் 1945 வரையான ரூபாயில் அந்தக் கோடுகள் நடுவில் அறுபட்டிருக்கும். விளிம்பின் மையத்தில் ஒரு பள்ளம் காசைச் சுற்றி ஓடும். அந்தப் பள்ளத்துக்குள் நுணுக்கமான வேலைப்பாடு தெரியும். கோடுகள் பள்ளத்துக்கு மேலும் கீழும் இரண்டு வரிசையாகப் பிரிந்து நிற்கும். இதைப் பாதுகாப்பு விளிம்பு என்பார்கள். கள்ளக் காசு அடிப்பவர்களைத் தடுக்கத்தான் இது வந்தது. பாதி வெள்ளிக் காசுக்கு முழு ரூபாய் மதிப்பு என்றால் கள்ளத்தனமாக அடிப்பதில் லாபம் கூடுதல், இல்லையா?

இதில் ஒரு வசதி இருக்கிறது. பையிலும் பெட்டியிலும் உரசும்போது முதலில் தேய்வது மேடான கோடுகள். பள்ளம் உள்ளே தள்ளியிருப்பதால் கடைசி வரை தப்பிக்கும். கோடுகள் முழுக்க வழவழப்பாகிப் போன காசில்கூட நகத்தை விளிம்பில் குறுக்கே ஓட்டினால் அந்தப் பள்ளத்தில் நகம் ஒரு கணம் தடுக்கும். முகத்தில் ஒன்றுமே படிக்க முடியாத ஆறாம் ஜார்ஜ் ரூபாயையும் இப்படிப் பிரித்துவிடலாம்.

பள்ளம் வேறு, ஒட்டு வேறு என்பதை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அச்சில் ஊற்றி வார்த்த போலிக் காசுகளில் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடும். இரண்டு அச்சுகள் சேர்ந்த இடம் அது. அது பள்ளமாக இருக்காது, மேடாக இருக்கும். அல்லது அரம் போட்டு ராவிய தடம் சாய்வாகத் தெரியும். நேர்கோடுகளும் ஒரே இடைவெளியில் இல்லாமல் சில இடத்தில் நெருங்கியும் சில இடத்தில் மழுங்கியும் இருக்கும். அப்படி இருந்தால் எத்தனை சதவீதம் என்ற கேள்வியே எழாது.

அரை ரூபாய், கால் ரூபாய்க் காசுகளில் விளிம்பு ஒன்றையே நம்பி முடிவு சொல்ல முடியாது. அவற்றுக்கு ஆண்டும் தண்ணீரும்தான் சாட்சி.

இப்போது நிறம்

வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகத்தால். அது 91.7-லும் நடக்கும், 50-லும் நடக்கும். கறுத்திருக்கிறது என்பதால் சுத்தமான வெள்ளி என்றோ, கறுக்கவில்லை என்பதால் கலப்படம் என்றோ சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது கறுத்த இடத்தை அல்ல, தேய்ந்த இடத்தை.

காரணம் இதுதான். செம்பு அதிகம் கலந்த வெள்ளித் தகட்டைச் சூடுபடுத்தினால் மேற்பரப்பில் உள்ள செம்பு கறுத்து ஆக்சைடு ஆகும். அதை அமிலத்தில் முக்கி எடுத்தால் அந்தச் செம்பு கரைந்துபோய், மேலே மட்டும் வெள்ளி அதிகமான மெல்லிய தோல் ஒன்று மிஞ்சும். அதன்மேல் முத்திரை அடித்தால் காசு வெள்ளை வெளேரென்று வெளியே வரும். கைமாறிக் கைமாறி அந்தத் தோல் தேய்ந்தால்தான் உள்ளே இருப்பது வெளிப்படும். மன்னரின் கன்னம், புருவம், காதின் மேல்மடல், கிரீடத்தின் உச்சி, பின்பக்கப் பூவிதழின் முதுகு, காசின் எழும்பிய ஓரம் என்று மேடான இடங்களில் முதலில் தேயும்.

லென்ஸை அந்த இடங்களில் வையுங்கள். 91.7 சதவீதக் காசில் தேய்ந்த கன்னமும் தேயாத தரையும் ஒரே குடும்பம். கன்னம் இன்னும் வெண்மையாக, மென்மையான பளபளப்போடு இருக்கும். 50 சதவீதக் காசில் கன்னத்தின் வெண்மையில் மஞ்சள் கலந்திருக்கும், சில காசில் பழுப்போடு சேர்ந்த சாம்பல். காசைக் கொஞ்சம் சாய்த்து வெளிச்சம் கன்னத்தில் பட்டுத் திரும்பும்போது இந்த மஞ்சள் நன்றாகத் தெரியும். எழுத்துகளின் ஓரத்திலும் பூவின் இடுக்கிலும் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் செம்பு அதிகம் என்பதற்கு அது இன்னொரு குறிப்பு. ஆனால் பிளாஸ்டிக் உறையில் பல வருடம் கிடந்தால் நல்ல வெள்ளிக் காசிலும் பச்சைப் பிசுக்கு வரும், அதனால் களிம்பை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல வேண்டாம்.

தனியாக ஒரே ஒரு காசைப் பார்த்து இந்த நிறத்தைச் சொல்வது அனுபவசாலிக்கே சிரமம். ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு ஜோடி மாதிரிக் காசு வைத்துக்கொள்ளுங்கள். கோடிக்கணக்கில் அடித்த 1918 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்று, 1944 அல்லது 1945 ரூபாய் ஒன்று. இரண்டும் நன்றாகத் தேய்ந்த காசாக இருந்தால் இன்னும் நல்லது, விலையும் குறைவு. வெள்ளைக் காகிதத்தில் இரண்டையும் இடைவெளி விட்டு வைத்து, சந்தேகமான காசை நடுவில் வையுங்கள். எந்தப் பக்கத்தோடு சேர்கிறது என்று கண் தானாகவே சொல்லும்.

கடையில் பாலிஷ் போட்டுக் கொடுத்த காசு, மின்முலாம் பூசிய காசு இரண்டிலும் இந்தச் சோதனை தோற்றுப்போகும். எல்லா இடமும், எழுத்தின் இடுக்கு உட்பட, ஒரே மாதிரி வெள்ளையாகப் பளபளத்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம். எண்பது வருடக் காசு அப்படி இருக்காது.

சத்தம்

காசை விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் தட்டினால் 91.7 கணீரென்று நீளமாக ஒலிக்கும், 50 சீக்கிரம் அடங்கும். ஈயம் கலந்த போலி 'டொக்' என்று செத்துப்போகும். வளையம் பற்றவைத்த காசு, உள்ளே கீறல் விட்ட காசு எதுவும் சரியாக ஒலிக்காது. பழகிய காதுக்கு இது உதவும்; புதியவர் இதில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

தண்ணீரில் நிறுப்பது

இது கண்பார்வைச் சோதனை இல்லைதான். ஆனால் கண் சொன்னது சரியா என்று காசுக்குச் சேதம் இல்லாமல் வீட்டிலேயே உறுதிசெய்ய இதைவிட நல்ல வழி இல்லை. எடை ஒன்றாக இருந்தும் காசுகள் வேறுபடுவது அடர்த்தியில்தான். வெள்ளி கனமான உலோகம். அது குறையக் குறைய அதே எடைக்குக் காசின் கன அளவு கூடும்.

முதலில் காசை உலர்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். தராசின் மேல் தண்ணீர் நிரப்பிய சின்ன டம்ளரை வைத்துத் தராசைப் பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கும்படி தண்ணீரில் தொங்கவிடுங்கள். நூல் உங்கள் கையில் இருக்க வேண்டும். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. காசின் மேல் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும். தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டால் குமிழி நிற்காது.

விடை 10.3 பக்கம் வந்தால் 91.7 சதவீதம். 9.5 பக்கம் வந்தால் 50. 8.9 பக்கம் வந்தால் நிக்கல் அல்லது குப்ரோ நிக்கல். முழு எடையுள்ள ரூபாய் என்றால் தண்ணீரில் தராசு காட்டுவது முறையே 1.13, 1.22, 1.31 கிராம் அளவில் இருக்கும். தேய்ந்த காசு 11.40 கிராம் இருந்து, தண்ணீரில் 1.19 காட்டினால் வகுத்துப் பாருங்கள்: 9.58. பாதி வெள்ளி. தேய்மானம் எடையைக் குறைக்கும், அடர்த்தியை மாற்றாது.

அரை ரூபாயில் வித்தியாசம் 0.56-க்கும் 0.61-க்கும் இடையே என்பதால் இரண்டு மூன்று முறை நிறுத்துச் சராசரி எடுங்கள். கால் ரூபாய்க்கு இந்தத் தராசு போதாது. ஒரே ஆண்டுக் கால் ரூபாய் நாலைந்து இருந்தால் சேர்த்துக் கட்டி நிறுக்கலாம். காசு மாலையிலிருந்து வந்ததாக இருந்து வளையமோ பற்றாசோ மிச்சமிருந்தால் எடையும் அடர்த்தியும் இரண்டுமே பிசகும். அங்கே விளிம்பையும் ஆண்டையும் நம்புங்கள்.

சுதந்திரத்துக்குப் பின் வந்தவை

புழக்கத்திலிருந்து வெள்ளி போன பிறகு நினைவு நாணயங்களில்தான் வெள்ளி திரும்பியது. காந்தி நூற்றாண்டுக்கு வந்த 1969 பத்து ரூபாய் 80 சதவீத வெள்ளி, 15 கிராம். அதே காந்தி முகத்தோடு வந்த ஒரு ரூபாயும் 50 காசும் நிக்கல், காந்தம் சொல்லிவிடும். 1970, 1971 பத்து ரூபாய்களும் 80 சதவீதம். 1972-இல் சுதந்திர வெள்ளி விழாவுக்கு வந்த பத்து ரூபாய் பெரிதாகி 22 கிராமைத் தாண்டியது, ஆனால் மாற்று 50-க்கு இறங்கிவிட்டது. பெரிய காசு என்பதால் வெள்ளியும் அதிகம் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள்: 1969-இல் 12 கிராம், 1972-இல் சுமார் 11.

1973 பத்து ரூபாயும் 50 சதவீதம். அதற்கு அடுத்த வருடமே பத்து ரூபாயைக் குப்ரோ நிக்கலுக்கு மாற்றி, வெள்ளியை 50 ரூபாய் நாணயத்துக்குக் கொடுத்தார்கள். 1973, 1974 பத்து ரூபாய்கள் ஒரே ஆகிருதி, இரண்டிலும் காந்தம் ஒட்டாது. இங்கே ஆண்டு மட்டுமே வழிகாட்டி. அண்மைக் காலத்தில் வந்த 44 மி.மீ. பெரிய நினைவு நாணயங்கள் பல, 2023-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்காக வெளியிட்ட 75 ரூபாய் உட்பட, வெள்ளி 50, செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5 என்ற கலவை. 1940-இன் பழைய கணக்கு அப்படியே.

கடல் கடந்து வந்த காசுகள்

மலாயா, இலங்கை போய் வந்தவர்களின் வீட்டில் ரூபாயோடு வேறு காசுகளும் கிடக்கும். நீரிணைக் குடியேற்ற (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா பகுதி) டாலர் இதில் சுவாரசியமானது, ஏனென்றால் அது நம் கண் முன்னே சுருங்குகிறது. 1903-இல் 26.95 கிராம், 90 சதவீதம். 1907-இல் 20.21 கிராம், மாற்று அதே 90. 1919-இல் 16.85 கிராம், மாற்றும் 50-க்கு வீழ்ந்தது. தராசு ஒன்று போதும், வேறு எதுவும் பார்க்க வேண்டாம். இலங்கையின் 50 சதக் காசு 1917 வரை 80 சதவீதம், 1919 முதல் 55. மலாயாவின் 10, 20 சதக் காசுகளில் போருக்கு முன் 75, 1943 முதல் 50.

சமஸ்தானக் காசுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. ஹைதராபாத் சார்மினார் ரூபாய் 81.8 சதவீதத்தில் இருந்து நாற்பதுகளில் 50-க்கு வந்தது. பிரிட்டிஷ் ரூபாயின் அளவுகோலை அதன்மேல் வைக்க வேண்டாம்.

வெள்ளியே இல்லாதவை

ஒருபக்கம் ராமர், அனுமன் அல்லது பிள்ளையார், மறுபக்கம் 'ஈஸ்ட் இந்தியா கம்பெனி', '1818' என்றெல்லாம் இருக்கும் காசுகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. அரிசியை இழுக்கும், மின்னலைத் தாங்கும் என்று கதையும் சேர்ந்து வரும். கம்பெனி அப்படிப்பட்ட காசை அடித்ததே இல்லை. பிற்காலத்தில் யாரோ செய்த வில்லைகள் அவை. பெரும்பாலும் செம்பு, பித்தளை, மேலே முலாம். இவற்றில் மாற்று பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால்

உரைகல்லில் உரசிப் பார்ப்பதும் அமிலம் விடுவதும் நகைக்குச் சரி. காசில் உரசினால் அந்தத் தழும்பு நிரந்தரம். எக்ஸ்ரே கதிரால் உலோகத்தைச் சொல்லும் எந்திரம் ஹால்மார்க் மையங்களிலும் பெரிய நகைக்கடைகளிலும் இருக்கிறது. காசுக்கு ஒன்றும் ஆகாது, சில நிமிடத்தில் சதவீதம் தாளில் வந்துவிடும். ஆனால் அந்தக் கதிர் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கை மட்டுமே படிக்கும். பாதி வெள்ளிக் காசின் மேலே வெள்ளி அதிகமான தோல் இருக்கும் என்று பார்த்தோம் அல்லவா? தேயாத தரையில் வைத்தால் எந்திரம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். முலாம் பூசிய காசாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் கதிரைக் காசின் நடுவில் குத்துமதிப்பாக வைக்க விடாமல், நன்றாகத் தேய்ந்த கன்னத்தில் ஒரு முறையும் விளிம்பில் ஒரு முறையும் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் குறைவானதையே கணக்கில் எடுங்கள்.